இறக்கத்தைப் பார்த்து நின்ற கார்

என் வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். அதற்குச் சிவப்பு நிறம், இரண்டு கதவு, மழை பெய்தால் உள்ளே தண்ணீர் வரும்.

குடி கிடையாது, சிகரெட் கிடையாது, லாட்டரிக்கு நம்பர் எழுதுவது கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டுகிற மனுஷன். நாள் முழுக்க அந்தப் பெரிய லாரியை வளைவுகளில் ஏற்றி இறக்கிவிட்டு வருவார். வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் இந்தச் சின்ன காரைத்தான் போய்ப் பார்ப்பார். எங்கள் மகளைவிட வயதில் மூத்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். முன் விளக்குகள் இரண்டும் உள்ளே மூடிக்கிடக்கும், ஸ்விட்சைப் போட்டால்தான் எழும்பும். அதிலும் ஒன்று சட்டென்று எழும்பிவிடும், மற்றது கொஞ்சம் யோசித்துவிட்டு வரும். "ஒங்க வீட்டுக் காரு எங்களப் பாத்துக் கண்ணடிக்குதுக்கா" என்று எங்கள் லைன் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள்.

எங்கள் லைன் என்பது மலைச்சரிவில் வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகள். எங்களுடையது மேட்டில், கடைசி வீடு. வாசலிலிருந்து சிமெண்டுப் பாதை சரேலென்று கீழே இறங்கிக் கோயிலடிக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துப் பெரிய ரோட்டில் சேரும். நான் ரொம்ப காலம் தேயிலை பேக்கிங்கில் இருந்தவள். அந்தத் தூசி நெஞ்சில் போய்க் குடியேறிவிட்டது. டாக்டர் ஆஸ்துமா என்றார், வேலையை விட்டேன். இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டு நிலத்தில் வெங்காயத்தாளும் சாமந்தியும் போட்டு, தானா ராத்தா டவுனில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஒரு பூக்கடைக்கும் கொடுக்கிறேன். கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தக் கார்தான். அதனால் அதைத் திட்டுகிற உரிமை எனக்கு முழுசாக உண்டு.

என்னைப் பற்றி லைனில் ஒரு கதை உண்டு. நானே சொல்லிச் சொல்லிப் பரப்பிய கதைதான். இந்தச் சிவப்புக் கார் வருவதற்கு முன் எங்களிடம் ஒரு சின்ன நாலு கதவு கார் இருந்தது. ஒருநாள் காலை, எல்லாரும் வேலைக்குப் போய், லீவிலிருந்த இவரைத் தவிர லைனே காலியாகக் கிடந்த நேரம், எனக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ஆஸ்துமா மருந்துப் பம்பை வாயில் அடித்தும் நிற்கவில்லை. கார் கிளம்பவில்லை, பேட்டரி படுத்துவிட்டது. இவர் பெரிய ரோட்டுக்கு ஓடி, கம்போங் ராஜாவிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரியை மறித்து, அதில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இதை நான் சொல்கிற விதமே வேறு. "நர்ஸு என் தலையில கைய வச்சுப் பாத்துட்டு ஒரு கோசு எலைய உருவி எடுத்தா. இது என்ன மக்சிக், பேஷண்டா இல்ல சயூரான்னு கேட்டா" என்று முடிப்பேன். மலாயில் மக்சிக் என்றால் அத்தை, சயூர் என்றால் காய்கறி. டீக் குடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் சிரிப்பார்கள். கோசு லாரிக்காரி என்று எனக்குப் பட்டப்பேரே உண்டு, எனக்கும் அதில் கோபமில்லை. இவர் மட்டும் அந்தக் கதையை நான் ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். கேட்டுக் கேட்டுப் புளித்துப் போய்விட்டது போலிருக்கிறது, அதோடு கார்ப் பைத்தியம் வேறு என்று நானும் விட்டுவிட்டேன்.

தண்ணீர் பிரச்சினை கார் வந்த முதல் மழைக்காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் காரின் முன்மூடிக்கும் போனட் என்றுதான் பேர், பின்னால் சாமான் வைக்கிற இடத்துக்கும் போனட் என்றுதான் பேர். நான் குழப்பமில்லாமல் பின் போனட் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பின் போனட்டில் கம்பளம் எப்போதும் ஈரமாக இருக்கும். அடியில் ஸ்பேர் டயர் இருக்கிற பள்ளத்தில் தண்ணீர் தளும்பும். வளைவில் திரும்பும்போது சளக் சளக் என்று சத்தம் கேட்கும். "பின்னால மீன் வளக்கறீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வாரம் மளிகை வாங்கி வந்தபோது பச்சைப்பயறு பொட்டலம் ஒன்று கிழிந்து கம்பளத்தில் கொட்டியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. பிறகு வெங்காயத்தாள் கட்டுகளை அடுக்கலாமென்று மூடியைத் தூக்கினால், பயறெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டு நிற்கிறது. உள்ளே போய் அவரிடம் சொன்னேன்: "ஏங்க, ஒங்க காருல வெவசாயம் நல்லா நடக்குது. என் தோட்டத்தவிட அமோகமா இருக்கு, வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்துவிட்டுக் கம்பளத்தை உருவி வெயிலில் போட்டார். வெயில் எங்கே அடித்தது, அதுவும் பனியில்தான் கிடந்தது.

அதற்கப்புறம் அவர் செய்யாத வைத்தியம் இல்லை. பின் விளக்கு இரண்டையும் சுற்றி சிலிகான் பூசினார். அது உரிந்ததும் அதன் மேலேயே இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று. கடைசியில் விளக்குகள் பிறந்தநாள் கேக் போல ஆகிவிட்டன. போனட் மூடியின் ரப்பரை மாற்றினார். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற சிநேகிதரிடம் பசுமைக்குடிலுக்குப் போடுகிற பிளாஸ்டிக் விரிப்பை வாங்கி வந்து, காரின் பின்பாதியை மூடி ராஃபியா கயிற்றால் கட்டினார். வெளித் தண்ணீர் நின்றதோ இல்லையோ, உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சை பிடித்துவிட்டது. கதவைத் திறந்தால் ஊறிய சாக்கு வாடை.

அந்த வாடைதான் விஷயத்தை முற்றவைத்தது. கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எனக்கு நெஞ்சு இறுகிவிடும். வீட்டுக்கு வந்து பம்பு அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது மகள் போன் செய்தாள். அவள் ஈப்போவில் டீச்சர். என் மூச்சுச் சத்தம் போனிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது. ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ப்பா, சொன்னா கோவிச்சுக்காதீங்க. அம்மா நெஞ்சுக்கு அந்தக் காரு ஆகாது லா. இங்க ஒருத்தர் அந்த மாதிரி பழைய காரு வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. வித்துடலாம்ப்பா."

இவர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் பேசியிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது மூச்சுவிடவே சிரமமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "தீபாவளிக்குள்ள தண்ணி நின்னா வண்டி இருக்கட்டும். நிக்கலன்னா போகட்டும்" என்றேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான். சண்டை போடுகிறவராக இருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து தனக்கென்று எதையும் கேட்காதவர், இதை ஒன்றைத்தான் ஆசைப்பட்டு வாங்கினார். அது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் தீபாவளி வருகிற மாதம்தான் எங்கள் மலையில் மழை ஊற்றுகிற மாதம். அவருக்குக் கொடுத்த தவணை அவ்வளவு நியாயமானது இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

தானா ராத்தாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற சீனத் தவுக்கேயிடம் கொண்டுபோய் விட்டார். தவுக்கே என்றால் முதலாளி; நல்ல மனிதர், இந்தக் காரைப் பார்த்தால் அவருக்கும் முகம் மலரும். பிரஷர் தண்ணீர்க் குழாயை வைத்துப் பின்பக்கம் முழுவதும் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். அப்போதும் இல்லை. "அண்ணே, இதுல ஒண்ணும் இல்ல லா. நல்லா இருக்கு" என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார்.

இவர் சந்தோஷமாக வந்தார். காரை வாசலில் நிறுத்தினார். சாயங்காலம் மழை வந்தது. காலையில் பார்த்தால் கம்பளத்தில் தண்ணீர்.

திரும்பவும் தவுக்கேயிடம் போனார். தவுக்கே திரும்பவும் தண்ணீர் அடித்தார். திரும்பவும் ஒன்றுமில்லை. அந்த மனிதருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டு மழை வேறு மழையா என்று சிரித்தாராம். இவர் அதை என்னிடம் வந்து சொல்லும்போது முகம் தொங்கிவிட்டது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. முறுக்குக்கு நான் மாவு அரைக்கக் கொடுத்திருந்தேன், மகள் லீவுக்கு அப்ளை பண்ணிவிட்டதாகவும் அந்த ஆளிடம் பேசிவிட்டதாகவும் சொன்னாள். இவர் காரின் பேப்பர்களைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். சாப்பிடும்போது அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் சமையலறை ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேர் எதிரே இவருடைய கார் நின்றுகொண்டிருந்தது, வழக்கம்போல மூக்கைக் கீழே இறக்கத்துக்குக் காட்டிக்கொண்டு.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் பழைய ஆட்கள் எல்லாரும் வண்டியை அப்படித்தான் நிறுத்துவார்கள். காலைக் குளிரில் பேட்டரி படுத்துவிட்டால் யாரையும் தள்ளக் கூப்பிட வேண்டாம். பிரேக்கை விட்டால் வண்டி தானாகக் கீழே உருளும். உருளும்போது கியரைப் போட்டு விட்டால் இன்ஜின் உயிர் பெற்றுவிடும். இப்போதைய பிள்ளைகள் ஆட்டோ கியர் கார் வைத்திருப்பதால் எப்படி வேண்டுமானாலும் நிறுத்துகிறார்கள். இவர் மாத்திரம் அதில் ஒரு பிடிவாதக்காரர். எவ்வளவு மழையானாலும் கோயிலடியில் திருப்பி, ரிவர்ஸில் மேலே ஏற்றித்தான் நிறுத்துவார். லாரி ஓட்டிப் பழகிய கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ஜன்னலில் நிற்கும்போதுதான் பட்டது. கார் மூக்கை இறக்கி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, குளத்தில் குனிந்து தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி நிற்கிறது. சமதரையில் நின்றால் பின் விளக்குகள் ரோட்டைப் பார்த்திருக்கும், மழை வழிந்து கீழே போய்விடும். இங்கே அவை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். விளக்கின் மேல் விளிம்பில், சாஸரில் நிற்பது போலத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. தவுக்கேயின் ஒர்க்‌ஷாப் தரை கேரம் பலகை மாதிரி சமம். அங்கே எப்படி ஒழுகும்?

இவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு குனிந்து பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். "உள்ளேருந்து யாராச்சும் பாத்தாத்தான் தெரியும், எந்த எடத்துல வருதுன்னு" என்றார்.

அந்தப் பின் போனட்டுக்குள் அவர் ஒரு காலைக்கூட வைக்க முடியாது. நான் ஆள் சின்னவள். கொழுந்துக் கூடையில் உட்கார வைத்துத் தூக்கிவிடலாம் என்று என் மாமியார் கேலி செய்வார். "நான் போறேன்" என்றேன்.

"வேணாம். பூஞ்சை வாடை. ஒனக்கு இழுக்கும்."

"பம்பு கையில இருக்கு. இழுத்தா தட்டறேன், தெறந்துடுங்க. தீபாவளிக்கு முன்னாடி ஒங்க காரு மானத்தக் காப்பாத்த வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கூத்து நடந்தது. ஸ்பேர் டயரையும் கம்பளத்தையும் எடுத்துப் போட்டுவிட்டு, பழைய போர்வை ஒன்றை விரித்து, நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே சுருண்டு படுத்தேன். மூடுவதற்கு முன் மூன்று தடவை கேட்டார், சரியா இருக்கா, சரியா இருக்கா என்று. ஆயுசில் ஒரு தடவையாவது காருக்குள் மல்லாந்து படுத்துப் பயணம் போகலாம் என்றேன். மூடி விழுந்தது. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கம்பியும் தகரமும் சிவப்பு விளக்கின் முதுகும் தெரிந்தன. வெளியே என் சாமந்திக்கு ஊற்றுகிற பூவாளியில் அவர் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். தலைக்கு மேலே நிஜ மழை போலவே சத்தம் கேட்டது.

"தெரியுதா?"

"இன்னும் இல்ல. நிறுத்தாம ஊத்துங்க."

கொஞ்ச நேரத்தில் வலது விளக்கின் மேல் மூலையில் ஒரு முத்து கட்டியது. அது பெருத்து, ஒயர்க் கட்டின்மேல் ஏறி, அதன் வழியாகவே ஊர்ந்து என் தோள்பட்டைப் பக்கம் வந்து சொட்டியது. பின்னாலேயே இன்னொன்று. அத்தனை சிலிகானுக்கும் அடியில் புகுந்து, அது பாட்டுக்கு நிம்மதியாக வந்துகொண்டிருந்தது.

"வருது" என்றேன். "வலது வெளக்கு, மேல் மூலை. ஒயரப் புடிச்சுக்கிட்டு வருது."

"நல்லாத் தெரியுதா?"

"என் மேலேயே சொட்டுது, தெரியாம என்ன." சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. "இதுக்குப் போயி இவ்வளவு நாளு! மூக்க மேட்டப் பாத்து நிறுத்திட்டா முடிஞ்சு போச்சு. தண்ணி வெளியவே வழிஞ்சுடும். ஒரு காசு செலவில்ல."

மேலே தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

"கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப திருப்பி நிறுத்துங்க. பொண்ணுக்கும் சொல்லிடலாம், காரு இருக்கட்டும்னு."

"அது மட்டும் வேணாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருத்தி தகர டப்பாவுக்குள் கிடக்கிறாள், இந்த மனுஷன் வேணாம் என்கிறார். "ஏன் வேணாம்? லாரிக்காரன் கெத்தா? காரு போனாலும் பரவால்ல, மூக்கு மட்டும் கீழ இருக்கணுமா?"

பூவாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவர் மூடியின்மேல் சாய்ந்து உட்கார்ந்தார் போல, தகரம் லேசாக அமுங்கியது. குரல் எனக்கு மிகப் பக்கத்தில் வந்தது.

"அன்னிக்கி மூக்கு மேட்டப் பாத்து நின்னுச்சு" என்றார்.

"என்னிக்கி?"

"ஒனக்கு இழுத்த அன்னிக்கி. மொத நாளு மழை. நீ நனையக்கூடாதுன்னு நேரா மேல ஏத்தி, வாசலோட ஒட்டி ஒன்ன எறக்கிவிட்டேன். அப்பறமா திருப்பிக்கலாம்னு வந்து படுத்துட்டேன். காலையில ஒன்ன உள்ள உக்கார வச்சு சாவியப் போட்டா, சத்தமே இல்ல. லைன்ல ஒரு ஆளு இல்ல. போனும் லைன் கெடைக்கல. பின்னால உருளவிட்டு ரிவர்ஸுல கெளப்பிடலாம்னு முன்னாலருந்து நானே தள்ளினேன். ஒரே பனி, பின்னால ஒண்ணுந் தெரியல. உருண்டு போயி பின் சக்கரம் லோங்காங்ல எறங்கிடுச்சு."

லோங்காங் என்றால் பாதையோரச் சாக்கடை. எங்கள் பாதையில் அது இடுப்பளவு ஆழம்.

"காரு சாஞ்சுருச்சு. நீ உள்ள இருந்த. கதவுல சாஞ்சு, கண்ணு மேல போயிருச்சு. நானே ஒன்னக் கொண்டுபோயி சாக்கடையில தள்ளிட்டேன்னு நெனச்சேன்." மூடியை அவர் நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. "நீ அந்த லாரிக் கதையச் சொல்றப்பல்லாம் எனக்கு அந்தச் சத்தந்தான் கேக்கும். சக்கரம் எறங்குன சத்தம்."

எனக்கு இதில் எதுவுமே தெரியாது. எனக்குத் தெரிந்தது எல்லாம் கார் கிளம்பவில்லை, கோசு லாரி வந்தது, தலையில் இலை இருந்தது. நான் வார்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் காரைத் தூக்கி நிறுத்தி, பின்னால் நசுங்கியதைத் தட்டி, விற்றும் விட்டிருந்தார். சிவப்புக் கார்மேல் இருந்த ஆசையில் அவசரப்பட்டு விற்றார் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"ஒனக்காகத்தான் இந்தக் காரை வாங்கினேன்னு பொய் சொல்லமாட்டேன்" என்றார். "அது என் ஆசைக்கு. நிறுத்தறதுதான் ஒனக்காக. பிரேக்க விட்டா போதும், தானா எறங்கி நேரா ரோட்டுக்குப் போயிடும். யாரும் வரத் தேவையில்ல. வித்தாலும் பரவால்ல, அடுத்த காரையும் நான் அப்படித்தான் நிறுத்துவேன்."

எனக்கு அழுகை வந்தது. மூச்சு இழுக்கிறவள் அழக்கூடாது, அது இரட்டைத் தண்டனை. துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய முதுகு இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அதன்மேல் கையை வைத்தேன். அவருக்குத் தெரிந்திருக்காது.

"தெறக்கட்டா? சத்தமே காணோம். இழுக்குதா?"

"இல்ல. இருங்க. இடது வெளக்கையும் ஊத்துங்க, பாத்துடறேன்."

இடது விளக்கில் எதுவும் வரவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் திருப்பி நிறுத்துகிற பேச்சை நான் எடுக்கவே இல்லை. "வெளக்கக் கழட்டுங்க. நிக்கிற மாதிரி நிக்கட்டும், தண்ணி வராம பண்ணலாம்" என்றேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஸ்பானர் எடுக்கப் போனார்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் தீபாவளி வேலை ஒன்றும் நடக்கவில்லை. வாசலுக்கு மேலே தார்ப்பாய் கட்டி, அதன் கீழே இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். விளக்குகளைக் கழற்றினால், உள்ளே இருந்த பழைய ரப்பர் வளையம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதன்மேல்தான் இவர் இத்தனை பூச்சு பூசியிருந்தார். அத்தனை சிலிகானையும் சுரண்டி எடுக்க வேண்டும், துளி மிச்சம் இருந்தாலும் புதுசு ஒட்டாது. நான் தோசைக் கரண்டியைக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். "பெயிண்டுல கீறல் விழும்" என்று பதறினார். "முப்பது வருஷமா தோசைய ஓட்டை விழாம திருப்பறேன், ஒங்க பெயிண்டா பெருசு" என்றேன். வலது விளக்கின் மேல் மூலையில் சிலிகானுக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலும் இருந்தது. அதையும் பசை வைத்து அடைத்தார்.

விஷயத்தைக் கேட்டதும் தவுக்கே தலையில் அடித்துக்கொண்டாராம். களிமண் போல மெத்தென்று ஒட்டுகிற கறுப்பு ரப்பர் கயிறு ஒரு சுருள் கொடுத்துவிட்டு, காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். அதை விளக்கின் ஓரத்தைச் சுற்றி, முனையும் முனையும் கீழ்ப்பக்கம் சேருகிற மாதிரி ஒட்ட வேண்டும். மேலே சேர்ந்தால் அங்கேயே மறுபடி வழி பண்ணிக்கொள்ளும். அவர் விரல் தடிமன், கயிறு அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. என் விரலால் நான் அழுத்திக்கொண்டே போனேன். அப்புறம் விளக்கைப் பொருத்தி, அவர் நட்டுகளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் முடுக்கினார். கறுப்பு ரப்பர் சுற்றிலும் சீராகப் பிதுங்கியது. கோலமாவில் கை வைத்தே ஒரு வாரம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் மழை வந்தது. சாதாரண மழை இல்லை, எதிர்ச்சரிவுத் தேயிலையே கண்ணுக்குத் தெரியாத மழை. அதற்கு முன் நான் பின் போனட்டில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். மழை விட்டதும் இரண்டு பேரும் போனோம். அவர் மூடியைத் தூக்கிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "நீயே பாரு" என்றார்.

செய்தித்தாளை எடுத்து மடித்தேன். மொறமொறவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

மகள் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். புதுக் கார், போன மாசம்தான் எடுத்தாள். நேராக மேட்டில் ஏற்றி, மூக்கு சுவரில் இடிக்காத குறையாக வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினாள். என்னைக் கட்டிக்கொண்டவுடன், "அந்த அங்கிள் தீபாவளி முடிஞ்சு பாக்க வராராம்" என்று ஆரம்பித்தாள்.

"வர வேணாம்னு சொல்லிடு. காரு விக்கல" என்றேன்.

"ஏம்மா, நீதானே..."

"தண்ணி நின்னுருச்சு. அத விடு. மொதல்ல ஒன் வண்டியத் திருப்பி நிறுத்து. மூக்கு கீழ இருக்கணும்."

"ம்மா, இது ஆட்டோ கியரு. எறக்கத்துல உருட்டினாலும் ஸ்டார்ட் ஆகாது லா."

"கியர் கதையெல்லாம் எனக்கு வேணாம். திருப்பு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போய், அவரே கோயிலடியில் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றி, சிவப்புக் காருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

உள்ளே வந்து மூன்று பேரும் டீயும் முறுக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மகள் விடவில்லை. எதுக்கும்மா திருப்பச் சொன்ன, எதுக்கும்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். சரி என்று நான் அந்த லாரிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். இந்தத் தடவை முதல் நாள் மழையிலிருந்து ஆரம்பித்தேன். நான் நனையக்கூடாதென்று கார் மேட்டில் ஏறியதைச் சொன்னேன். பனியைச் சொன்னேன், அவர் ஒருத்தராகத் தள்ளியதைச் சொன்னேன், லோங்காங்கைச் சொன்னேன். அவர் ரோட்டுக்கு ஓடியதையும் லாரியை மறித்ததையும் சொல்லி, ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன் என்று முடித்துவிட்டேன். மகள் முறுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து வெளியே போகவில்லை. டீயைக் கீழே வைத்தார்.

"கோசு எலைய விட்டுட்டியே" என்றார்.